202 சுற்று

கார் றேஸில் வென்றது யார் எண்டு எப்படித் தெரியும்? கொடி அசைந்தால் தெரியும் என்பீர்கள். 1963 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஜக்சன்வில் நகரில் நடந்த ஸ்டொக் கார் போட்டியில் வென்றவருக்குக் கொடியே அசையவில்லை. 200 சுற்றுப் போட்டி அது. அவர் 200ஐ முடித்தார், கொடி இல்லை. 201 ஓடினார், அப்பவும் இல்லை. 202ஆவது சுற்றையும் ஓடி முடித்தார். பிறகு கொடி அசைந்தது, பின்னால் வந்த இன்னொருவருக்கு.

வென்றவரின் பெயர் வென்டெல் ஸ்கொட். வேர்ஜீனியா மாநிலத்தின் டன்வில் ஊரில் 1921 இல் பிறந்த கறுப்பினத்தவர்.

ஸ்டொக் கார் என்றால் நாங்கள் ரீவியில் பார்க்கிற போர்முலா வண் கார் மாதிரி அல்ல. வெளித்தோற்றத்தில் றோட்டில் ஓடுகிற சாதாரண கார்தான். அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் இந்த ஓட்டம் வளர்ந்ததில் கசிப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காய்ச்சின கசிப்பை இரவோடு இரவாக ஏற்றி இறக்கியவர்கள், பொலிஸிடம் பிடிபடாமல் ஓடுவதற்காகத் தங்கள் கார்களின் எஞ்சினைத் திருத்தி வேகம் கூட்டினார்கள். பிறகு யாருடைய கார் வேகம் என்று தங்களுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்கொட்டும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மெக்கானிக், திரும்பி வந்து டாக்சி, கராஜ், இடைக்கிடை கசிப்பு. 1952 இல் டன்வில் போட்டியை நடத்தியவர்கள் சனம் சேர்க்க ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடினார்கள். பொலிஸிடம் போய் விசாரித்தார்கள். பொலிஸ் இவருடைய பெயரைச் சொன்னது. துரத்தின ஆக்களுக்குத்தானே ஓட்டத்தின் அருமை தெரியும்.

வேடிக்கை காட்டக் கூப்பிட்டவர்கள் எதிர்பார்க்காதது, அவர் விட்டுப் போகாமல் நின்றது. 1961 இல் நாஸ்கார் அமைப்பின் உயர்மட்டப் போட்டிகளுக்கு வந்துவிட்டார். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. பழைய கார், மற்றவர்கள் பாவித்த ரயர், உதவிக்குத் தன் பிள்ளைகள். ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. ஜக்சன்வில்லில் ஓட்டிய 34ஆம் இலக்க செவ்ரோலெட்கூட நெட் ஜரெற் என்ற முன்னாள் சாம்பியனிடமிருந்து வாங்கியதுதான்.

அந்த வருசத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜூனில் ஸ்கொட்டின் சொந்த ஊரான டன்வில்லிலேயே, சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பொலிஸ் தண்ணீர் பீச்சியும் பொல்லால் அடித்தும் கலைத்தது. ஓகஸ்டில் வோஷிங்டன் பேரணி. ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டு ஒன்பதாம் நாள்தான் இந்தப் போட்டி.

அரை மைல் மண் தளம். முன்னணியில் ஓடிய ரிச்சர்ட் பெற்றியின் கார் கோளாறு பட்டு வேகம் குறைய, 25 சுற்றுகள் மிச்சமிருக்கையில் ஸ்கொட் முந்திவிட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் முந்தவில்லை. ஆனால் கொடி விழுந்தது பக் பேக்கருக்கு. 1956, 1957 சாம்பியன் அவர். அன்றைக்கு ஸ்கொட்டுக்கு இரண்டு சுற்றுப் பின்னால். கேடயமும் அவருக்கே போனது. வெற்றி மேடையில் நின்ற அழகுராணியின் முத்தமும் அவருக்கே.

ஸ்கொட் முறையிட்டார். சில மணி நேரம் கழித்து, சனமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, எண்ணிக்கையில் பிழை, வென்றது ஸ்கொட்தான் என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆயிரம் டொலர் பரிசுக் காசும் அவருக்கு வந்தது.

பிழை நடக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்போது கணினி இல்லை. காரைப் பார்த்துப் பார்த்து ஆக்கள் கடதாசியில்தான் சுற்றுக் கணக்கு எழுதினார்கள். சின்னத் தளம், ஒரே புழுதி. வேறு போட்டிகளிலும் கணக்குப் பிசகி, முடிவை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கறுப்பு மனிதன் வெள்ளைக்கார அழகுராணியோடு மேடையில் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை என்றுதான் ஸ்கொட் கடைசிவரை நம்பினார். எங்களுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. காரணம் அந்தப் பிழையல்ல, பிழை திருத்தப்பட்ட விதம். கை தவறி நடந்த பிழை என்றால் திருத்துவதும் எல்லாருக்கும் முன்னால் நடந்திருக்கும். கேடயத்தைத் திருப்பி வாங்கி, உரியவரிடம் கொடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஸ்கொட்டுக்குப் பிறகு கொடுத்தது பெயர்கூடப் பொறிக்காத மலிவான மரக் கேடயம். கணக்குப் புத்தகத்தில் அவரை வெல்ல விட்டார்கள், ஆட்களின் கண் முன்னால் விடவில்லை.

நாஸ்காரின் உயர்மட்டப் போட்டியில் ஒரு கறுப்பினத்தவர் பெற்ற முதல் வெற்றி அது. ஸ்கொட்டுக்கு அதுதான் கடைசி வெற்றியும். மொத்தம் 495 போட்டிகள் ஓடினார். அதில் 147 தடவை முதல் பத்துக்குள் வந்தார். அவர் ஓட்டிய கார்களை நினைத்தால் இந்த 147 எங்களுக்கு அந்த ஒரு வெற்றியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1973 இல் அலபாமா மாநிலத்துத் தலடேகா தளத்தில் நடந்த பெரிய விபத்தோடு அவருடைய ஓட்டம் கிட்டத்தட்ட முடிந்தது. 1977 இல் அவர் கதையை ஹொலிவூட் படமாக எடுத்தது, ரிச்சர்ட் ப்ரையர் நடித்தார். 1990 டிசம்பரில் ஸ்கொட் இறந்தார். 2015 இல் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. அப்போதும் கேடயம் வரவில்லை.

2021 ஓகஸ்டில்தான் நாஸ்கார் ஒரு கேடயத்தைச் செய்து அவருடைய குடும்பத்திடம் கொடுத்தது. போட்டி நடந்து 57 வருசம் கழித்து.

அதற்கு அடுத்த ஐந்தாறு கிழமைக்குள், ஒக்டோபர் 4 அன்று, அதே தலடேகாவில் மழை கொட்டி 188 சுற்றுப் போட்டியை 117ஆவது சுற்றோடு நிறுத்தினார்கள். அப்போது முன்னுக்கு நின்றவர் பபா வொலஸ். முந்தின வருசம் போட்டி மைதானங்களில் கூட்டமைப்புக் கொடியைத் தடைசெய்யச் சொல்லிக் குரல் கொடுத்து, அந்தத் தடை வரக் காரணமானவர்களில் ஒருவர். ஸ்கொட்டுக்குப் பிறகு அந்த மட்டத்தில் வென்ற முதல் கறுப்பினத்தவர். அவருக்கும் அது முதல் வெற்றி. கேடயம் அன்றைக்கே கைக்கு வந்தது.