செஞ்சிக் கோட்டை: மதிலும் காவலும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் முக்கோணமாக வளைத்துக் கட்டியது செஞ்சிக் கோட்டை. இவற்றில் ராஜகிரி ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். உச்சிக்குப் போகும் பாதையில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருக்கும் சிலரே ஒரு படையை நிறுத்திவிடலாம். கோட்டைக்குள் சுனைகளும் குளங்களும் நெற்களஞ்சியங்களும் உண்டு. பிடிக்க முடியாத கோட்டை என்று பெயர் வாங்க இவ்வளவு போதும். ஆனால் பலமுறை பிடிபட்ட கோட்டை இது.

நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானகம் இதை எடுத்துக்கொண்டது. 1677இல் சிவாஜியிடம் வந்தபோது பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. மதில்களைப் புதுப்பித்து வலுப்படுத்தியவர் அவர்தான். அந்த வேலையின் பயனை அனுபவித்தவர் அவர் மகன் ராஜாராம்.

முகலாயருக்குத் தப்பி வந்த ராஜாராமை ஔரங்கசீபின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் முற்றுகையிட்டார். கோட்டை 1698 வரை தாக்குப்பிடித்தது. செஞ்சியின் புகழெல்லாம் இந்த எட்டு ஆண்டுகளின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அதைப் பாறையின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டவர்களுக்கான தானிய வரத்தையே அறுத்தன. சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. முகலாயப் பாசறைக்குள்ளும் ஒற்றுமை இல்லை. இளவரசர் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசினார் என்று சொல்லி, அவரையே காவலில் வைத்தார்கள். தளபதியே வேண்டுமென்று காலம் கடத்துகிறார் என்ற பேச்சும் இருந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, முன்பே தப்பியிருந்தார்.

1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்த தேசிங்கு ராஜா மதிலுக்குள் இருந்து போராடவில்லை. சிறு படையோடு வெளியே போய்க் களத்தில் மாண்டார். நாட்டுப்பாடல்களில் அவர் வாழ்கிறார். கோட்டை நவாபுக்குப் போயிற்று.

1750 செப்டம்பரில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படை, பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்று ஓடிவந்து கோட்டையடியில் தஞ்சம் புகுந்திருந்தது. அதன் மனம் முன்பே உடைந்திருந்தது. புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் வாயில் கதவை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தனர். இருட்டிலேயே மூன்று குன்றுகளிலும் ஏறினர். விடியும்போது எல்லாம் அவர்கள் கையில். ஏறி வந்த செங்குத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து அவர்களே வியந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். எட்டு ஆண்டு நின்ற அதே பாறை, ஓர் இரவு கூட நிற்கவில்லை.

1752இல் செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிக்க ஆங்கிலேயர் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. ஆனால் 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்த பிறகு, உதவி வரும் வழி அடைபட்டதும் ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது. 1780இல் ஆங்கிலேயர் அங்கே வைத்திருந்தது சிறு காவல். ஹைதர் அலியின் படை அதை எளிதில் எடுத்துக்கொண்டது. திப்பு சுல்தான் 1799இல் மாண்டபின் இப்பகுதியில் கோட்டைக்குப் போர்த்தேவை இல்லாமல் போயிற்று, செஞ்சி கைவிடப்பட்டது.