பலர் கூடி ஆக்கிய நூல்கள்

அறிவு என்பது தனியொருவர் உடைமையா, ஊரார் அனைவர்க்கும் உரிய பொதுச் செல்வமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் இணையம் உலகெங்கும் பரந்துவிட்ட இந்நாளில், ஒருவரையொருவர் கண்டறியாத பல்லாயிரவர் ஊதியம் கருதாது நூல் ஆக்குகின்றனர். அதனை எவரும் விலையின்றிப் பெறுகின்றனர். இது புதுமைதான். ஆயினும் பலர் கூடி நூல் செய்தல் நாம் வாழும் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று.

ஏறக்குறைய 350 ஆண்டுகட்கு முன், கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராய் இருந்த வான் ரீடு, மலையாள நாட்டு மரஞ்செடி கொடிகளையும் அவற்றின் மருத்துவப் பயனையும் தொகுக்கத் தலைப்பட்டார். கடக்கரப்பள்ளி மருத்துவர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்தின் ஏட்டறிவையும் பட்டறிவையும் எடுத்துரைத்தார். இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவர் துணை நின்றனர். செடி கொணர்ந்தோர், ஓவியம் தீட்டியோர், மொழிபெயர்த்தோர் எனக் கைகொடுத்தவர் இன்னும் பலர். இவ்வாறு உருவான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாய் வெளிவந்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட செடி வகைகளை விளக்கும் அந்நூலை, பின்னாளில் தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயசும் எடுத்தாண்டார்.

ஆனால் நூல் இலத்தீன் மொழியில் இருந்தது. அறிவை ஈந்த மக்களுக்கு அது எட்டாக் கனியாயிற்று. 1675-இல் இட்டி அச்சுதன் அளித்த சான்றுரை அதில் அச்சேறியமையால் அவர் பெயர் நிலைத்தது. மரமேறி இலை பறித்தவன் பெயரை எவரே அறிவர்? தாவரவியல் அறிஞர் கே. எஸ். மணிலால் அரும்பாடுபட்டு மொழிபெயர்த்த பின்னரே, 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் அந்நூல் கிடைத்தது. தந்த அறிவு தந்தவர் கைக்கு மீள முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

நிற்க. நம் தமிழகத்தில் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் நடந்து ஏடு தேடிய வரலாறு யாவரும் அறிந்ததே. 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், சேர மன்னரைப் பாடும் பதிற்றுப்பத்து 1904-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. மடங்களும் கவிராயர் இல்லங்களும் பரணிலிருந்து இறக்கித் தந்த ஏடுகளே அவற்றுக்கு அடிப்படை. ஏடு உதவியோர் பெயரைத் தம் முன்னுரைகளில் குறித்த அவர்தம் நேர்மை பெரிது. அன்றும் நூல் பலர் கூடிய ஆக்கமே. ஆனால் ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் சுமை ஒருவர் தோளில் இருந்தது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு உரிமையைக் காத்தது. 1992-இல் அது 60 ஆண்டாக நீண்டது. ஆசிரியர் குடும்பம் வாழ இஃது உதவும் என்பதில் ஐயமில்லை. எனினும் மக்கள் கவிஞரின் பாடல் ஒரு சிலரின் பூட்டுக்குள் கிடத்தல் தகுமோ என்ற கேள்வி எழுந்தபோது, 1949-இல் சென்னை அரசு பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின.

அரசு செய்ததைத் தன்னார்வலர் வேறொரு வழியில் தொடர்ந்தனர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாட்டுத் தமிழர் தத்தம் இல்லங்களிலிருந்தே பழைய நூல்களைத் தட்டெழுதினர். பிறர் பிழை திருத்தினர். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதற்கு அடித்தளம் இட்டார். பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை அறிஞர் குழுவால் வெளிவந்தன. விக்கிப்பீடியாவிலோ மாணவரும் தொழிலாளியும் எழுதலாம். இன்று அதன் கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டன. அதன் உரிமை முறையும் நுட்பமானது: எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், ஆயின் ஆக்கியோரைச் சுட்டவேண்டும், மாற்றியதையும் அதே விதியோடு பிறர்க்கு வழங்கவேண்டும். பூட்டுவதற்கு ஏற்பட்ட சட்டமே இங்கே கதவைத் திறந்துவைக்கும் தாழாயிற்று.

இதனால் விளையும் நன்மைக்கு ஈழமே சான்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 2005-இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேமித்து வருகின்றது. ஒரே கட்டடத்தில் உள்ளதை ஒரு தீப்பந்தம் அழிக்கும். பல்லிடத்தும் படியெடுத்து வைத்ததை அவ்வளவு எளிதில் அழித்தல் இயலாது.

குறைகளும் உண்டு. எவரும் எழுதலாம் என்பதால் பிழையும் நுழையும், திருத்துவோர் சிலரே. அனைத்தினும் பெருங்குறை ஒன்றுண்டு: எவரும் எழுதாதது அங்கே இல்லாததாகவே கருதப்படும்.

இக்குறை நம்மைத் தொடுகின்றது. மட்டாஞ்சேரிக் கடைவீதியில் வணிகம் நாடியும், 1943-இல் நிறுவப்பெற்ற ஏலூர் உரத் தொழிற்சாலை போன்றவற்றில் வேலை நாடியும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பெரியாற்றங்கரையில் வேரூன்றின. அவர்தம் வரலாறு முதியோர் நினைவிலும் பழைய புகைப்படங்களிலும் இதுபோன்ற மலர்களிலும் சிதறிக் கிடக்கின்றது. நம் பிள்ளைகளிற் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் பள்ளியிற் படிப்பதால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகின்றனர். பொதுநூலகம் விரலருகே திறந்திருந்தும், எழுத்தறியாதார்க்கு அது இலத்தீன் நூலே அன்றோ?

ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோர் நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளைகட்குத் தமிழெழுத்துக் கற்பிக்க வேண்டும். அப்பிள்ளைகள் பாட்டனார் சொல்லும் பழஞ்செய்தியை எழுத வேண்டும். சான்றுள்ளவற்றை நாம் ஒப்புநோக்கிப் பொதுவில் வைக்க வேண்டும். இட்டி அச்சுதன் தம் அறிவைப் பிறர் எழுத நேர்ந்தது. நம் வரலாற்றை நாமே எழுதும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. அதனை நழுவ விடலாகாது.