க்ளைடு ஆற்றின் கணக்கு

பழைய தொழில் நகரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: ஆலை வந்தது, காடு போனது, ஆலை மூடியது, பறவை திரும்பியது. நிலக்கரியை நம்பி வளர்ந்த ஊர்களுக்கு இது சரி. ஸ்காட்லாந்தில் க்ளைடு ஆற்றங்கரையில் இருக்கும் நியூ லானார்க்குக்கு இது ஒட்டாது. 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இந்தப் பஞ்சாலை ஊரை விட்டு ஆற்றோரமாக மேலே நடந்தால், சற்று நேரத்திலேயே அருவிகளும் காட்டுயிர்க் காப்பகமும் வந்துவிடும். நீர்நாய், மீன்கொத்தி, பேட்ஜர், ஓடும் நீருக்குள் முங்கி இரை தேடும் டிப்பர் என்ற சிறு பறவை எல்லாம் அங்கே உண்டு. ஆலை ஒழிந்ததால் கிடைத்த பரிசு அல்ல இந்தக் காடு. ஆலையை அங்கே வரவழைத்ததும், ஓர் அளவுக்கு மேல் வளரவிடாமல் நிறுத்தியதும் அதே தண்ணீர்தான்.

ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரத்துக்கு ஓயாமல் விழும் நீர் வேண்டும். கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல், ஆர்க்ரைட்டோடு கூட்டுச் சேர்ந்து, 1780களில் இந்தக் குறுகிய பள்ளத்தாக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் அது ஒன்றே. ஆற்றின் மேல்பகுதியில் பாறையைக் குடைந்து சுரங்கவழியாக நீரைத் திருப்பி, ஆலைகளின் பக்கமாக ஓடும் வாய்க்காலில் விட்டு, சக்கரங்களைச் சுழலவைத்தார்கள். எத்தனை நூற்புக் கதிர்கள் ஓடலாம் என்பதை முதலாளியின் பேராசையைவிட வாய்க்காலின் நீரே தீர்மானித்தது. ஆற்றுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய இடத்தில் நான்கு ஆலைகள் வரிசையாக எழுந்தன, அதற்குமேல் இடமில்லை. அக்கம்பக்கத்தில் ஆளும் போதவில்லை. அமெரிக்காவுக்குக் கிளம்பி, 1791இல் புயலில் சிக்கிக் கரை திரும்பிய ஹைலாண்டு குடும்பங்களுக்கு டேல் வேலை கொடுத்தார். நகரத்து அநாதைக் குழந்தைகளையும் கொண்டுவந்தார். அவர்களுக்காகக் கட்டிய கல் குடியிருப்புகளே இன்று பயணிகள் பார்க்கும் ஊர். நூற்பு நீராவிக்கு மாறியபோது புதிய ஆலைகள் நிலக்கரியைத் தேடிக் கிளாஸ்கோ பக்கம் போயின. இந்தப் பள்ளத்தாக்கு தப்பியது அதனால்தான். பிற்காலத்தில் இங்கும் ஒரு நீராவி இயந்திரம் வந்தது, ஆற்றுக்குத் துணையாகத்தான்.

காட்டைக் காத்தது பிரபுக்களின் ரசனை என்று சிலர் சொல்லலாம். அதற்கும் சான்று இருக்கிறது. ஆலை வருவதற்கு வெகுமுன்பே, 1708இல், இங்குள்ள கோரா லின் அருவியைப் பார்ப்பதற்கென்று ஒரு மண்டபம் கட்டினார்கள். உள்ளே இருந்த கண்ணாடிகளில் அருவி பார்ப்பவர் தலைமேல் கொட்டுவதுபோலத் தெரியுமாம். ஓவியர் டர்னர் அருவியை வரைந்தார், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வந்து பார்த்தார். ஆனால் இதே ஆறு கீழே கிளாஸ்கோவை அடைந்தபோது, ரசனைமிக்க செல்வந்தர்களுக்குக் குறைவில்லாத அந்த நகரில் சாக்கடையானது. ரசனை மட்டும் நிலக்கரியை எங்கும் தடுத்ததில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பள்ளத்தாக்கு பிழைத்தது என்றால், கேடு வேறெங்கோ போய்விட்டது என்றுதானே பொருள்? உண்மைதான். ஊருக்குள் சீர்திருத்தம் நடந்தது: 1800இல் நிர்வாகத்தை ஏற்ற ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலையிலிருந்து விலக்கினார். 1816இல் பள்ளிக்கான கட்டடத்தைத் திறந்தார். ஒவ்வொரு தொழிலாளி அருகிலும் கருப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு பக்கமும் வண்ணம் பூசிய சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டு, முந்தைய நாள் வேலையின் தரத்தை ஊரறியக் காட்டினார். (சீர்திருத்தவாதியின் கருணையில் கண்காணிப்பும் சேர்ந்தே இருந்தது.) ஆனால் அந்தக் கதிர்களில் சுற்றிய பஞ்சில் பெரும்பங்கு அட்லாண்டிக்குக்கு அப்பால் அடிமைகள் பறித்தது. ஆகவே ஆலையை நான் நல்லதென்று சொல்லவில்லை. இந்தக் கரையில் அதன் கை எட்டிய தூரம் குறைவு, அவ்வளவுதான்.

அருவியை உண்மையில் மெலியவைத்தது பஞ்சு அல்ல, புகையில்லாத மின்சாரம். 1927இல் தொடங்கிய பானிங்டன் நீர்மின் நிலையம் அருவிக்கு மேலேயே தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. பராமரிப்புக்காக நிலையம் நிற்கும் நாட்களில் கோரா லின் பழைய வேகத்தில் கொட்டுகிறது. பறவையின் கதையும் இதுபோலத்தான்: பாறை விளிம்பில் கூடுகட்டும் பொரி வல்லூறைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. பிரிட்டன் முழுவதும் அந்த இனம் அருகியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில், வயல்களில் தெளித்த டிடிடி போன்ற நஞ்சுகளால். நூற்பாலையின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. 1968இல் ஆலை நின்றபோதும் அமைதி வந்துவிடவில்லை. பழைய உலோகத்தை உருக்கிப் பிரிக்கும் தொழில் ஒன்று அங்கே புகுந்து வளாகத்தைக் குப்பைமேடாக்கியது. 1983இல் கட்டாயக் கையகப்படுத்தலுக்குப் பிறகே மீட்புப் பணி வேகம் பிடித்தது. இப்போது ஒன்றாம் ஆலை தங்கும் விடுதி. மூன்றாம் ஆலையில் பழைய வாய்க்கால் நீர் ஒரு டர்பைனைச் சுழற்றி, ஊரின் ஒரு பகுதிக்கு மின்சாரம் தருகிறது.