டெல்ஃபியிலிருந்து ஆமு தரியா வரை

கிரேக்க நாட்டு மலைச்சரிவில் உள்ள டெல்ஃபி, அப்பல்லோ தெய்வத்தின் தலம். போருக்குப் புறப்படுமுன்பும் புதிய ஊரில் குடியேறுமுன்பும் கிரேக்கர்கள் அங்கே போய்த்தான் குறி கேட்டார்கள். தன்னை அறியச் சொல்வது, அளவு மீறாதிருக்கச் சொல்வது என்று சில நீதிவாக்கியங்கள் அந்தக் கோயிலில் பொறிக்கப்பட்டிருந்தன. நம் ஆத்திசூடியைப் போல ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொற்கள்தாம். பண்டைய ஏழு ஞானிகள் சொன்னவை என்ற நம்பிக்கையோடு அந்தப் பட்டியல் நாளடைவில் 150க்கு நெருக்கமாக வளர்ந்தது.

அந்தப் பட்டியலை ஒருவர் டெல்ஃபியில் அமர்ந்து கவனமாகப் படியெடுத்து, நாலாயிரம் கிலோமீட்டர் கிழக்கே கொண்டுபோனார். அவர் பெயர் கிளியார்க்கஸ். போய்ச் சேர்ந்த இடம், ஆமு தரியா, கோக்சா ஆகிய ஆறுகள் கூடும் முனை. இன்று ஆப்கானிஸ்தானின் வட எல்லையில், ஐ கானூம் என்று அழைக்கப்படும் இடம் அது. அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்கர்கள் அங்கே அரண்மனை, நாடக அரங்கு, உடற்பயிற்சிக்கூடம் என்று முழு நகரமே கட்டியிருந்தார்கள். நகரை நிறுவியவராகக் கருதப்படும் கினியாஸின் சமாதிமேல் எழுந்த சிறு கோயிலில் கிளியார்க்கஸ் அந்த வாக்கியங்களைக் கல்லில் வெட்டி நிறுத்தினார். ஆமு தரியாக் கரையில் பிறந்த பிள்ளைகள் டெல்ஃபியைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. கிரேக்கனாக வாழ்வது எப்படி என்று அவர்களுக்குச் சொல்ல, ஊர் மூதாதையின் சமாதியைவிடப் பொருத்தமான இடம் எது?

1966இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அந்தக் கல்லின் பீடத்தைக் கண்டெடுத்தார்கள். சுண்ணாம்புக்கல் பீடம், அழகான கிரேக்க எழுத்து. படியெடுத்து வந்த கதையைச் சொல்லும் நாலடிச் செய்யுளும், பக்கத்தில் பட்டியலின் கடைசி ஐந்து வாக்கியங்களும் அதில் உள்ளன. மேலே நின்ற பலகையில் இடம் போதாமல் இந்த ஐந்தும் பீடத்துக்கு இறங்கிவிட்டன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கிரேக்க நூல்களில் தப்பிப் பிழைத்த பட்டியலின் கடைசி ஐந்தும் இவையே. படியெடுத்தவர் கை பிசகவில்லை.

இந்தக் கிளியார்க்கஸ் அரிஸ்டாட்டிலின் மாணவரான சோலி நகரத்து அறிஞரே என்று கல்வெட்டை வெளியிட்ட லூயி ரோபேர் எழுதினார். பலர் ஏற்றார்கள், சிலர் காலம் பொருந்தவில்லை என்று மறுத்தார்கள். ரோபேர் சொன்னது சரியானால், இந்தப் பயணம் இன்னும் சுவையானது. ஏனென்றால் அந்த அறிஞர் தம் நூல் ஒன்றில், யூதர்கள் இந்தியத் தத்துவ ஞானிகளின் வழிவந்தவர்கள் என்று அரிஸ்டாட்டில் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார். வரலாறாக அது தவறு. ஆனால் எல்லா ஞானத்தையும் ஒரே குடும்பமாகப் பார்க்க அன்றே ஒரு கிரேக்கர் ஆசைப்பட்டிருக்கிறார். கிரேக்கம் இந்தியாவிடம் எடுத்ததா, இந்தியா கிரேக்கத்திடம் எடுத்ததா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வமில்லை. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை இந்தப் பீடமே காட்டிவிடுகிறது.

ஐந்து வாக்கியங்களும் மனித வாழ்வின் ஐந்து பருவங்களைப் பற்றியவை. சிறு வயதில் நல்லொழுக்கம், இளமையில் புலனடக்கம், நடுவயதில் நேர்மை, முதுமையில் நல்ல ஆலோசனை, சாகும்போது துயரமின்மை. படித்ததும் நமக்கு ஆசிரமங்கள் நினைவுக்கு வரும். தர்மசூத்திரங்களில் அவை முதலில் ஒருவர் தேர்ந்துகொள்ளும் வாழ்க்கைமுறைகளாக இருந்து, பிறகே பிரம்மச்சாரி தொடங்கி சந்நியாசி வரை படிகளாக அடுக்கப்பட்டன. இளமைக்கு அடக்கம் என்பதில் இரு மரபும் ஒன்று. தலை நரைத்தபின் வழி இரண்டாகிறது. இந்திய முதியவரை வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகச் சொல்கிறது ஆசிரம நெறி. கிரேக்க முதியவர் எங்கும் போவதில்லை. ஊர்ச் சபையில் உட்கார்ந்து புத்தி சொல்ல வேண்டும். மரணத்துக்குப் பின் என்ன என்பது பற்றியும் அந்த ஐந்தில் ஒரு சொல் இல்லை. மறுபிறவி இல்லை, விடுதலை இல்லை. கலங்காமல் போய்ச் சேர், அவ்வளவுதான்.

தெற்கே காந்தஹாரில், கி.மு. 260 வாக்கில், அசோகர் தம் செய்தியைக் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பாறையில் வெட்டுவித்தார். 1958இல் கிடைத்த அந்தக் கல்வெட்டும் தன்னடக்கத்தையும் பெற்றோர், பெரியோர் சொல் கேட்பதையும் பேசுகிறது. டெல்ஃபி யாத்திரிகன் ஒருவன் அதைப் படித்திருந்தால் பாதிவரை தலையாட்டியிருப்பான். மன்னர் உயிர்க்கொலையைத் தவிர்க்கிறார், வேட்டைக்காரரும் மீனவரும் தொழிலை விட்டார்கள் என்ற இடத்தில் திகைத்திருப்பான். அப்பல்லோவுக்கே ஆடு பலியிட்டவன் அவன். விலங்குக்கும் நீதி உண்டு என்று பிதாகரஸ் வழியினர் போன்ற சிலர் கிரேக்கத்திலும் சொன்னதுண்டு. ஆனால் ஒரு பேரரசன் அதை ஆணையாக எழுதி வைத்தது இங்கேதான்.

கலப்பும் நடந்தது. ஐ கானூமில் 1970இல் அகத்தோக்ளீஸ் மன்னனின் ஆறு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் கிரேக்க எழுத்தோடு கலப்பை ஏந்திய பலராமர், மறுபக்கம் பிராமி எழுத்தோடு சங்கு சக்கரம் ஏந்திய வாசுதேவர். அரண்மனைக் கருவூல அறையிலோ, தத்துவ உரையாடல் எழுதிய பப்பைரஸ் ஒன்று மக்கி மறைந்து, மை மட்டும் மண்ணில் ஒட்டியிருந்தது. பேச்சின் பொருள் பிளேட்டோவின் மூலவடிவங்கள்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தட்சசீலத்திலிருந்து தூதராக வந்த ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கர் விதிஷா அருகே வாசுதேவருக்குக் கருடத் தூண் நட்டார். தம்மைப் பாகவதர் என்றே அதில் சொல்லிக்கொள்கிறார். அடக்கம், தியாகம், விழிப்பு ஆகிய மூன்றும் சொர்க்கத்துக்கு இட்டுச் செல்லும் என்கிறது அந்தத் தூண். முதலாவது டெல்ஃபிக்காரருக்கும் தெரிந்த நெறி. சொர்க்கம் என்ற வாக்குறுதியைத்தான் அவர் கினியாஸ் சமாதியில் கண்டிருக்க மாட்டார்.

கி.மு. 145 வாக்கில் ஐ கானூம் வீழ்ந்தது. 1961இல் வேட்டைக்குப் போன மன்னர் ஜாகிர் ஷாவுக்கு ஊரார் காட்டிய ஒரு தூண் தலைப்பிலிருந்துதான் மறுபடி வெளியே தெரிந்தது. அகழாய்வு 1978இல் நின்றது. பிறகு வந்த போர்க்காலத்தில் கொள்ளையர் அந்த இடத்தைக் குழிகுழியாகத் தோண்டிப் பாழாக்கினார்கள். பீடத்தின்மேல் நின்ற பலகையில் ஆய்வாளர் கைக்கு வந்தது ஒரு சிறு துண்டு மட்டுமே. அதில் எஞ்சிய எழுத்துகள், தத்துவ ஞானியாக இரு என்ற வாக்கியத்தைச் சேர்ந்தவை.