அரண்மனைக்காரத் தெருவும் ஷாஹாமீர் குடும்பமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

சென்னை பாரிமுனைக்குப் பக்கத்தில் அரண்மனைக்காரத் தெரு இருக்கிறது. பெயரைக் கேட்டு அங்கே அரண்மனையைத் தேட வேண்டாம். அது ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெரு. 'ஆர்மீனியன்' என்ற சொல் நம் மக்கள் வாயில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டினார். நம்முடைய மாம்பலம் வெள்ளைக்காரர் வாயில் 'மர்மலாங்' ஆனதால் அது மர்மலாங் பாலம் ஆயிற்று. இப்போது அந்த இடத்தில் உள்ள பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர். பெயர்கள் இப்படித்தான் கைமாறிக் கைமாறி முகம் மாறிப் போகின்றன.

ஒரு தெருவுக்கே இந்த நிலை என்றால், ஊர் ஊராகப் போன ஒரு குடும்பத்தின் வரலாற்றை எப்படித் தேடுவது? அதைச் சொல்ல மதராஸில் வாழ்ந்த ஷாஹாமீர் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அவர்கள் வந்த வழி. இன்றைய ஈரானின் வடக்கு எல்லையில் அராஸ் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஜுல்ஃபா என்றொரு ஆர்மீனிய ஊர் இருந்தது. பட்டு வணிகத்தில் பேர்போன ஊர். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05-ல் அந்த ஊர் மக்களைக் கூண்டோடு பெயர்த்துத் தன் தலைநகரான இஸ்ஃபஹானுக்குக் கொண்டுபோனார். அங்கே அவர்கள் அமைத்த குடியிருப்புக்குப் 'புது ஜுல்ஃபா' என்று பெயர். அங்கிருந்துதான் வணிகர்கள் சூரத், கல்கத்தா, மதராஸ், மணிலா, வெனிஸ் என்று பரவினார்கள்.

அப்படிப் புது ஜுல்ஃபாவில் 1723-ல் பிறந்து மதராஸுக்கு வந்து பெரும் செல்வம் சேர்த்தவர் ஷாஹாமீர். 1797-ல் இறந்தார். சேர்த்த பணத்தில் 1770-களின் தொடக்கத்தில் மதராஸில் ஓர் அச்சகம் தொடங்கினார். தாய்நாடு அந்நியர் கையில் இருக்கிறதே என்ற ஏக்கம் அவருக்கு. ஆர்மீனிய இளைஞர்களைத் தட்டி எழுப்பும் 'புதிய ஏடு' என்ற நூலை 1772-ல் அந்த அச்சகம் வெளியிட்டது. ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைக் குருவான சிமியோன் அதைக் கண்டு கோபம் கொண்டு எரிக்கச் சொன்னார். அடுத்து வந்தது 'புகழின் கண்ணி' என்ற நூல். விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியல் சட்டம் அது. இல்லாத நாட்டுக்கு நம் சென்னையில் உட்கார்ந்து 500-க்கும் மேற்பட்ட விதிகள் எழுதியிருக்கிறார்கள்! மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையே ஆள வேண்டும் என்கிறது அது.

இவ்வளவு செய்த குடும்பத்தின் வரலாறு ஒரே இடத்தில் இல்லை. தேடப் போனால் முதல் சிக்கலே பெயர்தான்.

ஆர்மீனியப் பெயர்களின் கடைசியில் வரும் 'யான்' அல்லது 'இயன்' என்பதற்கு 'இன்னாருடைய மகன், இன்னாரைச் சேர்ந்தவன்' என்று பொருள். அந்தக் காலத்தில் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஷாஹாமீரைத் தந்தை பெயரால் சுல்தானூமியன் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர் மகன் ஹாகோப், ஷாஹாமீரியன் ஆகிவிட்டார். தமிழர்களுக்கு இது எளிதில் புரியும். நம் இனிஷியலும் இப்படித்தான். அப்பாவின் இனிஷியல் தாத்தா பெயர், மகனின் இனிஷியல் அப்பா பெயர். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எழுதியவன் நான். மூன்று தலைமுறையை ஒரே குடும்பம் என்று அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலேயக் குமாஸ்தாக்களோ ஷாஹாமீரியனை 'ஷாமியர்' என்று சுருக்கினார்கள். ஹாகோப், ஜேக்கப் ஆனார். நம் பைபிளில் அதே பெயர் யாக்கோபு. ஆகவே குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஒருவருக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. எந்த ஆவணத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, அப்படியே ஒவ்வொன்றையும் குறித்துவைக்க வேண்டும். 'திருத்தி' எழுதிவிட்டால் அடுத்து வருபவருக்கு வழி அடைபட்டுவிடும்.

இரண்டாவது சிக்கல் ஆண்டு. பழைய ஆர்மீனியக் கல்வெட்டுகளில் எண்ணுக்குப் பதில் எழுத்தையே பொறிப்பார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைக் கூட்டினால் வருவது ஆர்மீனிய ஆண்டு. அதோடு 551 சேர்த்தால் நம் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜுல்ஃபா வணிகர்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அசாரியா என்ற அறிஞர் வகுத்தது. 1616-ல் தொடங்குவதால் அதற்கு 1615 கூட்ட வேண்டும். 133 என்று தேதியிட்ட கடிதம் 1748-ஐச் சேர்ந்தது. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்து நண்பர்களுக்கு இது புதிதல்ல. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும்; 824 அல்லது 825 கூட்டிப் பார்ப்போம். அந்த விவரம் தெரியாதவர் பத்திரம் கையில் இருந்தும் காலத்தைத் தவறவிடுவார்.

இனி கல்லுக்கு வருவோம். ஹாகோப் ஷாஹாமீரியன் தன் 29-வது வயதில், 1774 ஜூலை 7-ஆம் தேதி, மலாக்காவில் இறந்தார். இன்றைய மலேசியாவின் மெலாக்கா. டச்சுக்காரர்கள் கட்டிய கிறிஸ்து ஆலயத்தின் தரையில் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது. அதில் இறந்தவரே பேசுவது போல ஒரு பாட்டு. தான் பாரசீகத்தில் பிறந்ததையும், விதி தன்னைத் தொலைதூர மலாக்காவுக்குக் கொண்டுவந்ததையும் சொல்லிவிட்டு, கல்லைப் படிப்பவரிடம் தன் நாட்டார் விடுதலை பெற்ற சேதி உண்டா என்று கேட்கிறார்.

இந்தக் கல் உருக்கமானது மட்டுமல்ல, சாட்சியும்கூட. 'புகழின் கண்ணி' நூலின் முகப்பில் 1773 என்ற ஆண்டு இருக்கிறது. அச்சிட்டவராக ஹாகோப் பெயர் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் செய்திகளைப் பார்த்து, அது 1780-களில்தான் அச்சாகி முடிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் மகன் இறந்து பல ஆண்டுகள் கழித்து, தந்தை மகன் பெயரிலேயே அந்த நூலை வெளியிட்டிருக்கிறார். புத்தகம் மதராஸில், கல் மலாக்காவில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தந்தையின் மனம் தெரிகிறது.

அடுத்தது காகிதம். 1748-ல் 'சாந்தா கத்தரினா' என்ற கப்பல் ஆர்மீனிய வணிகர்களின் சரக்கோடு நாகப்பட்டினம் கடலில் நின்றது. பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த சமயம். எதிரித் தொடர்புள்ள கப்பல் என்று சொல்லி ஆங்கிலேயக் கடற்படை அதைப் பிடித்துக்கொண்டது. சரக்குக்காரர்கள் லண்டன் வரை வழக்காடினார்கள். கப்பலில் இருந்த காகிதங்கள் வழக்கின் சான்றாக லண்டன் போய்ச் சேர்ந்தன. வணிகக் கடிதங்களும் குடும்பக் கடிதங்களுமாக ஏறக்குறைய 1,700. ஜுல்ஃபா வட்டார வழக்கில் எழுதியவை. இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு செபு அஸ்லானியன் என்ற வரலாற்று ஆசிரியர் அவற்றைப் படித்து, அந்த வணிகக் குடும்பங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கணக்கு வைத்தன, எப்படி நம்பின என்று எழுதினார். அந்தக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால், கடிதங்கள் உரியவர் கைக்குப் போய், கரையான் அரித்துக் காணாமல் போயிருக்கும். உரியவர்களுக்கு வந்த நஷ்டம்தான் நமக்கு வரலாறாகக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் நீதிமன்றப் பதிவுகளையும் உயில்களையும் விடாமல் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கல்லும் தப்பவில்லை. ஷாஹாமீரின் முன்னோர் விட்டுவந்த பழைய ஜுல்ஃபாவில் ஆயிரக்கணக்கான சிலுவைக் கற்கள் இருந்தன. நம் நடுகல் போல ஆளுயரம் நிற்கும் கற்கள், நுணுக்கமான வேலைப்பாடு. அந்த இடம் இன்று அஜர்பைஜானின் நக்கிச்செவான் பகுதியில் இருக்கிறது. 2005 டிசம்பரில் ராணுவத்தினர் எஞ்சியிருந்த கற்களைச் சம்மட்டியால் உடைப்பதை ஆற்றின் மறுகரையிலிருந்து, ஈரான் பக்கமிருந்து, படம் பிடித்தார்கள். இன்று அங்கே ஒரு கல்கூட நிற்கவில்லை. சோவியத் காலத்திலேயே அர்காம் அய்வாஸியன் என்பவர் அந்தக் கற்களைப் படம் எடுத்து, கல்வெட்டுகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் அன்றைக்கு அந்த வேலையைச் செய்திராவிட்டால் அங்கே யார் யார் புதைந்தார்கள் என்பதற்கு இன்று மிகக் குறைந்த சான்றே மிஞ்சியிருக்கும்.

இந்தியாவில் அந்த வேலையைச் செய்தவர் மெஸ்ரோவ் ஜேக்கப் சேத். புது ஜுல்ஃபாவில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்தவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் ஆர்மீனிய மொழிக்குத் தேர்வாளர். ஆக்ரா, சூரத், மதராஸ் என்று கல்லறை கல்லறையாகக் கல்வெட்டுகளைச் சேகரித்து, 1937-ல் இந்திய ஆர்மீனியர் வரலாற்றைப் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். ஒரு மொழி வாத்தியார் செய்த வேலை. அந்தப் புத்தகம் இல்லாமல் இன்று யாரும் இந்த விஷயத்தில் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.

அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் எழுப்பிய ஆர்மீனிய மாதா கோயில் இன்றும் இருக்கிறது. 1794 அக்டோபர் 16-ல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' மதராஸில் வெளிவந்தது. அதை நடத்திய குரு ஹாருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. சென்னையில் ஆர்மீனியக் குடும்பங்கள் இன்று அநேகமாக இல்லை. கோயிலைக் கல்கத்தா ஆர்மீனியத் திருச்சபைக் குழு பராமரிக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு கால்மணி நேரம் உள்ளே போய்ப் பாருங்கள். தரையில் இருக்கும் கற்கள் பெரும்பாலும் கல்லறைக் கற்கள், பார்த்து நடங்கள்.

கடைசியாக என் மாணவர்களுக்கு. இதெல்லாம் ஆர்மீனியருக்குத்தானே என்று நினைக்காதீர்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று போய் வந்த குடும்பங்கள் நம்மிலும் எத்தனையோ. வீட்டில் பழைய பத்திரமோ, கப்பல் சீட்டோ, கடிதமோ இருந்தால் முதலில் கைபேசியில் படம் எடுங்கள். எழுத்து மங்கிய கல்லாக இருந்தால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுங்கள். நிழல் விழுந்து எழுத்து துலங்கும். மாவோ சுண்ணாம்போ பூச வேண்டாம், கல் கெடும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், யார் சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். பெயரை இருக்கிறபடியே எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள்.

அப்படி ஏதாவது கிடைத்தால் கீழே எழுதுங்கள். படிக்க முடியாத பழைய கையெழுத்தாக இருந்தால் படத்தை அனுப்புங்கள். என்னால் முடிந்த அளவு படித்துச் சொல்கிறேன்.