எலும்பைக் கரைத்த பானை

1682 ஏப்ரல் 12 அன்று லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் ஓர் இரவு விருந்துக்குக் கூடினார்கள். மீன், மாடு, ஆடு, புறா என்று அத்தனையும் ஒரே வகைப் பாத்திரத்தில் வெந்தவை. எலும்பு கடித்துத் தின்னும் பதத்தில் இருந்தது. மீனில் முள் எடுக்கும் வேலையே இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்துப்போனது புறாக்கறிதான். இவ்வளவுக்கும் எரிந்த நிலக்கரி கால் கிலோவுக்குக் குறைவு. விருந்தில் உட்கார்ந்திருந்த ஜான் ஈவ்லினுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்ததால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

பாத்திரத்தைச் செய்தவர் தெனி பாப்பின். 1647ல் பிரான்ஸில் புளுவா நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், ஆனால் மனசு காற்று பம்புகளிலும் நீராவியிலும்தான். பாரிஸில் ஹைகன்ஸ், லண்டனில் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானிகளிடம் உதவியாளராக இருந்து, 1679ல் ராயல் சொசைட்டியில் இந்தப் பானையைக் காட்டினார். விருந்துச் சமையல் அவருடைய நோக்கம் அல்ல. ஏழைகள் வீசி எறியும் எலும்பில் சத்து இருக்கிறதே, அதைக் கொஞ்சம் விறகுச் செலவில் கறந்துவிட முடியாதா என்பதுதான் அவர் யோசனை.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. எவ்வளவு எரித்தாலும் ஆவியாகிப் போய்விடும். வாயை இறுக மூடினால் ஆவி உள்ளேயே நின்று அழுத்தும், கொதிநிலை மேலே போகும். காற்றழுத்தத்தைப்போல் இன்னொரு மடங்கு உள்ளே சேர்ந்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். எலும்பு கரைவது அந்தச் சூட்டில்தான்.

கனமான உலோகத்தில் பானை வார்த்து மூடியைத் திருகி இறுக்க அந்தக் காலக் கொல்லர்களால் முடியும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? பாப்பினின் மூளை வேலை செய்தது இங்கேதான். மூடியின் மேல் ஒரு சின்னப் பள்ளம் வைத்தார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார், பக்கத்தில் ஆடும் ஊசலைப் பார்த்து, அது வற்ற எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அந்தக் கணக்குதான். சூட்டை அளக்க இது போதும். அழுத்தத்துக்கு வேறொன்று செய்தார். மூடியில் ஒரு துளை, துளையின் மேல் ஒரு அடைப்பு, அடைப்பை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோல், அதன் நுனியில் தொங்கும் எடைக்கல். எடையைத் தள்ளி வைத்தால் அழுத்தம் கூடும், கிட்டே இழுத்தால் குறையும். அளவு மீறினால் ஆவியே அடைப்பைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். பானையைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இந்தத் துளைதான் என்பேன்.

நம் வீட்டுக் குக்கர் மூடியில் உட்கார்ந்திருக்கும் குண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது, நெம்புகோல் மட்டும் இல்லை. துளையின் குறுக்களவு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 70 கிராம் குண்டு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வரை ஆவியைப் பிடித்து நிறுத்தும். அதற்கு மேல் போனால் விசில்.

பாப்பின் இதை ஒளித்து வைக்கவில்லை. 1681ல் படத்தோடு புத்தகமாகவே போட்டுவிட்டார். பானையின் அடைப்பு ஆவியில் எழும்புவதைப் பார்த்தவருக்கு, அதையே வேலை வாங்கலாமே என்று தோன்றியிருக்க வேண்டும். 1690ல், உருளைக்குள் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது காற்றழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும் என்று கட்டுரை எழுதினார். அதையும் இலவசமாக உலகத்துக்குக் கொடுத்தார். எட்டே வருஷத்தில் தாமஸ் சேவரி என்ற ஆங்கிலேயர், நெருப்பைக் கொண்டு தண்ணீர் ஏற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் 14 வருஷம். பிறகு நாடாளுமன்றம் இன்னும் 21 வருஷம் நீட்டிக் கொடுத்தது. சேவரியின் இயந்திரத்தில் பிஸ்டனே கிடையாது. ஆனால் காப்புரிமையின் வாசகம் அவ்வளவு அகலம். 1712ல் பிஸ்டன் வைத்து ஓடும் இயந்திரத்தை உருவாக்கிய நியூகோமனும் அந்தக் குடைக்குள்தான் ஒதுங்க வேண்டியிருந்தது.

பாப்பின் புராட்டஸ்டன்ட். அந்த மதத்தாரின் உரிமையை 1685ல் பதினான்காம் லூயி பறித்தபின் சொந்த ஊருக்குத் திரும்ப வழியில்லை. ஜெர்மனியில் பேராசிரியர் வேலை பார்த்தார். 1707ல் துடுப்புச் சக்கரம் வைத்த படகில் லண்டன் கிளம்பியபோது, வழியில் முண்டன் துறையின் படகோட்டிகள் சங்கம் தங்கள் ஏகபோகத்தில் கை வைக்கிறான் என்று அதை உடைத்துப்போட்டது. அது நீராவிப் படகு என்று பல புத்தகங்களில் இருக்கும், கையால் சுற்றியதுதான். லண்டனில் பழைய நண்பர்கள் இல்லை, சொசைட்டியின் தலைவர் நாற்காலியில் நியூட்டன். சோதனைகளுக்குப் பணம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். 1712 ஜனவரிக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

தொண்ணூறு வருஷம் கழித்து, உயர் அழுத்த இயந்திரத்துக்கு 1802ல் காப்புரிமை வாங்கிய ரிச்சர்ட் ட்ரெவிதிக், பாப்பினின் துளையைத் தன் பாய்லரில் வைத்திருந்தார். 1803ல் லண்டன் கிரீனிச்சில் அந்த மாதிரி பாய்லர் ஒன்று வெடித்து நாலு பேர் செத்தார்கள். வால்வைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் மீன் பிடிக்கப் போயிருந்தான். ட்ரெவிதிக் அதற்குப் பிறகு ஒன்றுக்கு இரண்டு வால்வு வைத்தார். வேலையாள் கை வைக்காதபடி ஒன்றுக்குப் பூட்டு. கூடவே பாய்லரில் ஒரு ஈய அடைப்பு. தண்ணீர் வற்றிச் சூடு எகிறினால் ஈயம் உருகி, ஆவி தானே வழி கண்டுகொள்ளும். அடுத்த வருஷமே அவருடைய ரயில் எஞ்சின் வேல்ஸில் 10 டன் இரும்பை இழுத்துப் போனது.

1879ல் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஷார்ல் ஷாம்பர்லான் இதே பானையை வேறு வேலைக்கு எடுத்தார். சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. 120 டிகிரி ஆவியில் சாகின்றன. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வழக்கமான கணக்கு 121 டிகிரி, 15 நிமிஷம். கத்திரியும் துணியும் அங்கே வேகிற சூடு, பருப்பு இங்கே வேகிற சூடுதான்.

சமையலறைக்குத்தான் கடைசியாக வந்தது. ஸ்பெயினின் சரகோசாவில் ஹோசே அலிக்ஸ் மார்த்தினெஸ் 1919ல் வீட்டுக் குக்கருக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் 1938, 39ல் கடைக்கு வந்தது. நம் நாட்டில் 1950களின் கடைசியில் சென்னை டி.டி.கே. குழுமம் பிரிட்டனின் பிரெஸ்டீஜோடு சேர்ந்தது, பம்பாயில் ஹாக்கின்ஸ் பிறந்தது. ஒன்றின் மூடி வெளியே பூட்டும். இன்னொன்றின் மூடி உள்ளே நுழைந்து, அழுத்தம் இறங்கும்வரை திறக்கவே விடாது. ஐரோப்பியக் குக்கர்கள் பலவற்றில் ஸ்பிரிங் வால்வு என்பதால் சத்தம் வராது, நிமிஷக் கணக்கில் சமைக்கிறார்கள். நமக்கோ விசில்தான் கடிகாரம்: சாதத்துக்கு மூணு, கொண்டைக்கடலைக்கு ஆறு. தீயைக் கூட்டினால் விசில் சீக்கிரம் வரும், கடலை வேகாது. இது தெரிந்தும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ட்ரெவிதிக்கின் ஈய அடைப்பு நம் குக்கர் மூடியில் சேஃப்டி வால்வு என்ற பெயரில் இருக்கிறது. பருப்பு நுரை குழாயை அடைத்து விசில் வராமல் போனாலோ, உள்ளே தண்ணீர் சுண்டினாலோ, அதன் நடுவிலுள்ள உலோகம் உருகி ஓட்டை விழும். அடுப்பங்கரைச் சுவரெல்லாம் சாம்பார் ஆனாலும் குக்கர் வெடிக்காது. புதிதாக ஒரு வால்வு வாங்கிப் போட்டால் போதும், விலையும் சொற்பம்தான். ரிப்பேருக்குக் கொடுத்தால் அந்த ஓட்டையையே பற்றவைத்து மூடித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.