எள்ளுப் பெயரில் ஓர் ஆய்வுகூடம்

என் தங்கையின் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தான். பொழுது போகாமல் என் புத்தக அலுமாரியைக் கிளறத் தொடங்கினான். சஞ்சிகைகள், ஆய்வரங்க மலர்கள், மாநாட்டுச் சிறப்பிதழ்கள் என்று இருபது வருடமாய் நான் சேர்த்து வைத்தவை. இரண்டு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும் நேரம் கேட்டான்:

“மாமா, நம்மட ஆக்கள் செய்த ஆராய்ச்சி எல்லாம் ஏன் நம்மளப் பத்தியே இரிக்கி?”

எனக்குச் சுருக்கென்றது. பதில் இல்லாமல் இல்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அதன் முடிவு. அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. இந்த மண்ணில் நவீன முறையில் நாங்கள் செய்த ஆராய்ச்சியின் தொடக்கங்களில் அது ஒன்று. நாங்கள் யார் என்று இன்னொருவர் சொன்னபோது, இல்லை, நாங்கள் இன்னார் என்று நிறுவ எழுந்த எழுத்து அது. பிறகு வந்த பேராசிரியர் ம. மு. உவைஸ் முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த பங்களிப்பை ஆய்ந்து தராமல் இருந்திருந்தால், என்னைப் போன்றவன் தமிழ் சிறப்புப் பட்டம் படிக்கப் போயிருக்கவே மாட்டான். வேர் எங்கே என்று கேட்கப்படும் சமூகம் வேரைத் தோண்டிக் காட்டத்தான் வேண்டும். இதையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன்.

“அது சரி மாமா. தோண்டினது போதாதா?” என்றான்.

பல்கலைக்கழகத்தில் நான்காம் வருட ஆய்வுக்குப் பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் விண்மீன்களை எடுக்க நினைத்தேன். ‘உங்கட ஆக்கள்ட புலவர் ஒருத்தர எடுங்களேன், சுகமா முடிச்சிரலாம்’ என்று எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவரின் எண்ணம் கெட்டதல்ல. நானும் புலவரையே எடுத்தேன், சுகமாகத்தான் முடிந்தது. விண்மீன் அன்றோடு போனது. மருமகனுக்கு இதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஜோர்தானில் உள்ள ஓர் ஆய்வுகூடத்தின் கதையைச் சொன்னேன். சில வருடங்களாக நான் துண்டு துண்டாகச் சேர்த்து வந்த கதை அது. இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

ஆய்வுகூடத்தின் பெயர் செசமி. ‘மத்திய கிழக்கில் பரிசோதனை விஞ்ஞானத்துக்கும் பயன்பாட்டுக்குமான சிங்குரோத்திரன் ஒளி’ என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கோத்துச் செய்த சொல். செசமி என்றால் எள்ளு. அலிபாபா கதையில் குகைக் கதவைத் திறந்த அதே எள்ளுத்தான். பெயர் வைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த பெயர்.

அம்மானிலிருந்து சுமார் 35 கிலோமீற்றர் தூரத்தில் அல்லான் என்ற சிற்றூரில் அது இருக்கிறது. ஜோர்தான் ஆற்றைக் கடக்கும் ஹுஸைன் மன்னர் பாலம் அங்கிருந்து 30 கிலோமீற்றர். பாலத்துக்கு அப்பால் பலஸ்தீனம்.

உள்ளே இருப்பது ஓர் ஆர்முடுக்கி. ஆர்முடுகல், துணிக்கை என்றெல்லாம் இலங்கைப் பாடநூல்களுக்கு வேலை செய்த நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆக்கித் தந்த சொற்களைத் தமிழகத்து நண்பர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது முடுக்கம், துகள். எனக்கு ஆர்முடுகலை விட மனமில்லை. வாயில் வரும்போதே வேகம் எடுக்கிற சொல். சரி, விடயத்துக்கு வருவோம். காற்றை முற்றாக எடுத்துவிட்ட ஒரு வளையக் குழாய். சுற்றளவு 133 மீற்றர் அளவு, அதாவது நானூறு மீற்றர் ஓட்டப் பாதையின் மூன்றிலொரு பங்கு. அதற்குள் இலத்திரன்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஒரு செக்கனில் இருபது இலட்சத்துக்கும் கூடிய தடவை சுற்றுகின்றன. நேராகப் போக நினைக்கும் இலத்திரனைக் காந்தங்கள் வளைத்து வளைத்துத் திருப்புகின்றன. நனைந்த குடையைச் சுழற்றினால் நீர்த்துளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் தெறிக்குமல்லவா, அதுபோல வளைகிற இடத்திலெல்லாம் இலத்திரனிலிருந்து ஒளி தெறிக்கிறது. அகச்சிவப்புக் கதிர் முதல் எக்ஸ் கதிர் வரை எல்லாம் அந்த ஒளியில் உண்டு.

இந்த ஒளியை 1947இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில்தான் முதன்முதலில் கண்ணால் கண்டார்கள். அந்நாளில் அது ஒரு தொல்லை. இலத்திரனுக்குப் பாடுபட்டு ஏற்றிய சக்தியை இந்த ஒளி தின்றுவிடுகிறதே என்று பௌதிகவியலாளர் கவலைப்பட்டார்கள். பிறகுதான் அந்த வீண்செலவே பெரும் சொத்து என்று புரிந்தது. அந்த ஒளியில் புரதத்தின் கட்டமைப்பைப் பார்க்கலாம், மண்ணில் கலந்த நஞ்சைப் பார்க்கலாம், பழைய எலும்பைப் பார்க்கலாம், சுவடியைப் பார்க்கலாம். பௌதிகவியலாளன் விளக்கேற்றி வைக்கிறான், அந்த வெளிச்சத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் புத்தகத்தை விரிக்கலாம்.

மத்திய கிழக்குக்கு இப்படி ஒரு விளக்கு வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் பாகிஸ்தானின் அப்துஸ் ஸலாம். 1980களின் தொடக்கத்திலேயே சொன்னார். 1979இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைக் கிளாஷோ, வைன்பேர்க் ஆகிய இருவரோடு பகிர்ந்துகொண்டவர். அவருடைய கோட்பாடு சொன்ன டபிள்யூ, இசட் என்ற துணிக்கைகளை 1983இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்து ஆர்முடுக்கி கண்டு காட்டியது. ஜங் என்ற சிற்றூரில் வளர்ந்த பிள்ளை காகிதத்தில் போட்ட கணக்கு அது. ஏழை நாட்டு விஞ்ஞானி தன் நாட்டை விட்டு ஓடாமலே உலகத் தரத்தில் ஆய்வு செய்ய இடம் வேண்டும் என்று 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கான சர்வதேச நிலையத்தை ஏற்படுத்தியவரும் அவர்தான்.

ஸலாம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், 1974இல் பாகிஸ்தான் அப்பிரிவைப் பற்றி என்ன சட்டம் செய்தது, அதன்பின் அவர் அரசின் விஞ்ஞான ஆலோசகர் பதவியை ஏன் விட்டார் என்பதெல்லாம் இவ்விதழின் வாசகருக்குத் தெரியும். அகீதா விவாதத்துக்கு நான் வரவில்லை, அதற்கு எனக்குத் தகுதியுமில்லை. ஆனால் மீலாத் விழாப் பேச்சுக்களில் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பட்டியலை அல்பிறூனியோடும் இப்னு ஹைதமோடும் நிறுத்திவிட்டு ஆயிரம் வருடத்தைத் தாண்டிக் குதிக்கிறோமே, அந்தக் குதிப்பில் ஸலாமும் விழுந்து போகிறார் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

அவருடைய யோசனை அன்று கைகூடவில்லை. 1995 நவம்பரில் சினாயின் தஹப் என்ற கடலோர ஊரில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் அறபு, இஸ்ரேலிய, ஐரோப்பிய பௌதிகவியலாளர்கள் கூடினார்கள். கூட்டியவர்களில் முக்கியமானவர் சேர்னில் பணியாற்றிய இத்தாலியரான செர்ஜியோ புபினி. சமாதானம் பேசிய இஸ்ரேலியப் பிரதமர் ரபினை ஒரு யூதரே சுட்டுக் கொன்று சில வாரமே ஆகியிருந்தது. எகிப்தின் அமைச்சர் வெனிஸ் கூடா, கூடியிருந்தவர்களை ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்கச் சொன்னார். சேர்ந்து எதையாவது கட்டவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கூடாரத்தில்தான் உரம் பெற்றது. எதைக் கட்டுவது என்பதற்கு விடை இரண்டு வருடம் கழித்து வந்தது. பெர்லினில் 1982 முதல் வேலை செய்த பெஸ்ஸி என்ற ஆர்முடுக்கியை மூடப் போகிறார்கள், அதை வாங்கிக்கொண்டால் என்ன என்று ஜெர்மனியின் குஸ்தாவ் அடோல்ப் வொஸ்ஸும் அமெரிக்காவின் ஹேர்மன் வினிக்கும் சொன்னார்கள். ஜெர்மனி இலவசமாகவே கொடுத்தது. யுனெஸ்கோ பின்னால் நின்றது. கழற்றிய இயந்திரம் பெட்டி பெட்டியாக 2002இல் ஜோர்தானுக்குக் கப்பலேறியது. மறு வருடம் மன்னர் அப்துல்லாஹ் அடிக்கல் நட்டார்.

பழைய இயந்திரத்தை அப்படியே பூட்டினால் அது நாளைய விஞ்ஞானத்துக்குப் போதாது என்று விரைவிலேயே உணர்ந்தார்கள். பெர்லின் இயந்திரத்தை இலத்திரனைக் கிளப்பிவிடும் முதற்படியாக மட்டும் வைத்துக்கொண்டு, 2.5 ஜிகா இலத்திரன் வோல்ற்று சக்தியுள்ள புதிய வளையம் ஒன்றைத் தாங்களே அமைப்பது என்று முடிவாயிற்று. இந்த முடிவுதான் என்னைக் கவர்ந்தது. கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கலாம். புதிய வளையத்தின் காந்தங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்தது, சேர்ன் மேற்பார்வை செய்தது, காந்தங்களில் ஒரு பகுதி பாகிஸ்தானில் செய்யப்பட்டது.

ஆனால் பதினைந்து வருடம் இழுத்தது. ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், துருக்கி ஆகிய நான்கும் ஆளுக்கு ஐம்பது இலட்சம் டொலர் தருவதாக ஒப்புக்கொண்டன. பொருளாதாரத் தடையால் ஈரானின் பணம் வங்கி வழியே வர முடியாமல் நின்றது. 2010 ஜனவரியில் ஈரானியப் பௌதிகவியலாளர் மசூத் அலிமுஹம்மதி தெஹ்ரானில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அதே வருடம் நவம்பரில் மஜீத் ஷஹ்ரியாரியும் அதே நகரில் அதே விதமாகக் கொல்லப்பட்டார். இருவரும் செசமியோடு தொடர்புடையவர்கள். அதற்குப் பிறகும் ஈரானியர் செசமியை விட்டுப் போகவில்லை. 2013 டிசம்பரில் ஜோர்தானில் வழக்கமில்லாத பனி கொட்டியது, பாரம் தாங்காமல் ஆய்வுகூடத்தின் கூரை இடிந்தது. மருமகன் இந்த இடத்தில்தான் சிரித்தான். “பாலைவன நாட்டுல பனியா மாமா?”

2017 ஜனவரியில் வளையத்தில் முதல் இலத்திரன் கற்றை சுற்றியது. மே 16ஆம் திகதி மன்னர் திறந்து வைத்தார். அன்று உறுப்பு நாடுகள் எட்டு: சைப்பிரஸ், எகிப்து, ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், பாகிஸ்தான், பலஸ்தீனம், துருக்கி. ஈரானும் பாகிஸ்தானும் இஸ்ரேலை ஒரு நாடாகவே ஏற்பதில்லை. ஆனாலும் சபைக் கூட்டத்தில் ஒரே மேசை. இரண்டு வருடம் கழித்துப் பாலைவனத்தில் சூரியப் பலகைகளைப் பரப்பி ஆய்வுகூடத்தின் முழு மின்சாரத் தேவையையும் அதிலிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். மின் கட்டணம் கழுத்தை நெரித்ததுதான் காரணம். உலகில் அப்படி இயங்கிய முதல் ஆர்முடுக்கி அதுவே.

காஸாவிலிருந்து வரும் படங்களைப் பார்க்கும் இந்த நாட்களில் இதை எழுதக் கை தயங்குகிறது. விஞ்ஞானம் சமாதானம் கொண்டுவரும் என்று திறப்பு விழாவில் பேசியவர்களின் பேச்சை இன்று வாசித்தால் மனம் கசக்கிறது. ஓர் ஆர்முடுக்கி யாருடைய வீட்டையும் குண்டிலிருந்து காக்காது. இஸ்ரேலியரோடு ஒரே மேசையில் இருப்பதே தவறு என்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேசையில் பலஸ்தீனத்துக்கும் அதன் பெயரில் ஓர் ஆசனம் இருக்கிறது, அதன் பிள்ளைகளுக்கு அந்த ஒளியில் வேலை செய்ய உரிமை இருக்கிறது. அதை யார் இழக்கச் சொல்வது?

மருமகனின் கேள்விக்கு இனி வருகிறேன். செசமிக்குள் போய் வேலை செய்வோர் எல்லாரும் பௌதிகவியலாளர் அல்லர். சைப்பிரஸ் ஆய்வாளர்கள் ஆதி மனிதரின் எலும்புகளைக் கொண்டு வருகிறார்கள். உலோகம் உருக்கி வாழ்ந்த சமூகத்தில் எந்த உலோகம் மனித உடம்புக்குள் ஏறியது என்று பார்க்க விரும்புகிறார்கள். ஜோர்தான் பள்ளத்தாக்கின் மண்ணில் கலந்த மாசு ஆராயப்படுகிறது. ஆட்கள் எதைத் தின்றார்கள், என்ன தொழில் செய்தார்கள், எதனால் நோயுற்றார்கள் என்பதெல்லாம் சமூகக் கேள்விகள்தாமே? கேள்வி ஒரு பீடத்தில் பிறக்கிறது, விடை இன்னொரு பீடத்தில் கிடைக்கிறது. அல்பிறூனிக்கு இந்த வேலி தெரிந்திருக்கவில்லை. சமஸ்கிருதம் கற்று இந்தியரின் வழக்கங்களையும் சாதியையும் சமயத்தையும் எழுதிய அதே மனிதர்தான் மாணிக்கங்களையும் உலோகங்களையும் நீரில் அமிழ்த்தித் தன்னீர்ப்பு அளந்தார், மலை உச்சியில் நின்று பூமியின் ஆரையைக் கணித்தார். கலைப்பிரிவா கணிதப் பிரிவா என்று அவரிடம் யாரும் படிவம் நீட்டவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட்டில் நடந்த ஒன்றையும் சொன்னேன். ஆக்கிமிடீஸின் நூல் பத்தாம் நூற்றாண்டில் தோல் ஏட்டில் படியெடுக்கப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதே ஏட்டில் பிரார்த்தனைகளை எழுதிவிட்டார். எங்கள் காலத்தில் சிங்குரோத்திரன் ஒளியை அந்த ஏட்டில் பாய்ச்சினார்கள். சுரண்டிய மையின் மிச்சத்தில் இரும்பு இருந்தது. இரும்பு ஒளிர்ந்தது, ஆக்கிமிடீஸின் வரிகள் எழுந்து நின்றன.

மருமகன் எதுவும் பேசவில்லை. எழுந்துபோய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தான். என் உம்மாவின் வாப்பா விட்டுச் சென்ற அறபுத் தமிழ்க் கையெழுத்துப் படி அது. நாற்பது சொச்சம் தாள். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடம் அரித்து ஓட்டையாகி நிற்கிறது. நான் இவ்வளவு காலமும் பூச்சி தின்றது என்றுதான் நினைத்திருந்தேன்.

“பூச்சி எண்டா எழுத்துக்குப் பொறத்தாலயும் தின்டிரிக்கணுமே மாமா. இது எழுத்துப் போன வழியால மட்டும்தான் போயிரிக்கி. மையில இரும்பு போல. கரிப் புகை மை எண்டா இப்பிடி அரிக்காது.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். ஓட்டை ஒவ்வொன்றும் ஓர் எழுத்தின் வடிவில் இருந்தது. ஒன்று ‘ழ’வுக்காக அறபெழுத்தில் புள்ளியிட்டு ஆக்கிய எழுத்து.

“இத ஒடைக்காமக் கிழிக்காமப் பார்க்கேலும்” என்றான். பிறகு, “எந்த ஊர்ல எழுதின?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. தங்கைக்கு ஃபோன் எடுத்து, உம்மா எப்போதாவது சொல்லியிருக்கிறாவா என்று கேட்டேன்.